முற்றும் எச்சமும் தெரிந்தவருக்கு இங்கிலீஷ் கிராமர்

உயர்நிலைப் பள்ளி மாணவர்களோடு உட்கார்ந்து அவர்கள் எழுதிய இங்கிலீஷ் கட்டுரைகளை வரிவரியாகப் படித்துத் திருத்துவது என் வேலை. ரொம்ப நாளாகவே ஒன்றைக் கவனித்து வருகிறேன். கிராமர் சொற்களுக்கு விளக்கம் கேட்டால் மடமடவென்று ஒப்பிக்கிற பிள்ளை, "சரி, உன் கட்டுரையில் இந்த மூன்றாவது வரியில் அது எங்கே இருக்கிறது, தொட்டுக் காட்டு" என்றால் அப்படியே நின்றுவிடுகிறது. விளக்கம் மனப்பாடமாக இருக்கிறது, பேனா பிடித்த கைக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. வருடத் தொடக்கத்தில் அகர வரிசையில் ஒரு நீளமான பட்டியலைக் கொடுத்து, ஆன்டிசீடென்ட்டில் தொடங்கி வெர்ப் டென்ஸ் வரைக்கும் எல்லாவற்றையும் ஒரே எடையில் படிக்கச் சொன்னால் யாருக்குத்தான் அது ஒட்டும்?

என்னைக் கேட்டால் அந்தப் பட்டியலில் எல்லாச் சொல்லும் சமமில்லை. இரண்டு மூன்று சொற்கள் வேர், மீதியெல்லாம் அவற்றிலிருந்து பிரிந்து வருபவை. வேர் எது என்று தெரிந்துவிட்டால் ஃப்ராக்மென்ட், ரன்-ஆன், கமா ஸ்ப்ளைஸ், செமிகோலன், ரிலேட்டிவ் கிளாஸ், டாங்கிளிங் மாடிஃபயர் எல்லாம் ஒரே குடும்பத்து ஆட்களாகத் தெரியும். அந்த வேர் ஃபைனைட் வெர்ப். தமிழ் படித்தவருக்கு அது ஏற்கெனவே தெரிந்த ஆள்தான், நாம் அதை முற்று என்கிறோம்.

'வந்தான்' என்று சொன்னால் வாக்கியம் முடிந்துவிட்டது. 'வந்து' என்று நிறுத்தினால் கேட்பவர் அடுத்த வினைக்காகக் காத்திருப்பார், 'வந்த' என்று நிறுத்தினால் ஒரு பெயருக்காகக் காத்திருப்பார். வினையெச்சம், பெயரெச்சம் என்ற பெயர்கள் மறந்துபோயிருந்தாலும் இந்தக் காத்திருப்பு தமிழ் பேசுகிற எல்லோர் காதிலும் இருக்கிறது. இங்கிலீஷிலும் இதே பிரிவினை உண்டு. காலத்தைக் காட்டி, எழுவாயோடு சேர்ந்து வாக்கியத்தைத் தாங்கி நிற்பது ஃபைனைட் வெர்ப். 'கமிங்', 'டு கம்' மாதிரி தனியாக நின்று ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாதவை நான்-ஃபைனைட். ஜெரண்ட், பார்ட்டிசிப்பிள், இன்ஃபினிடிவ் என்று மூன்று பெயர் சொல்லிப் பயமுறுத்துவார்கள், மூன்றும் இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவைதான். ஜெரண்ட் நம்முடைய தொழிற்பெயர் செய்கிற வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

எது முற்று என்று கண்டுபிடிக்க நான் சொல்லித் தருகிற சோதனை ஒன்று உண்டு. வாக்கியத்தின் முன்னால் 'நேற்று' என்று போட்டுப் பாருங்கள், பிறகு 'தினமும்' என்று போட்டுப் பாருங்கள். எந்தச் சொல் மாறுகிறதோ அதுதான் ஃபைனைட் வெர்ப். "ஷி லைக்ஸ் சிங்கிங்" என்பதில் நேற்று என்று போட்டால் 'லைக்ஸ்' என்பது 'லைக்டு' ஆகிறது, 'சிங்கிங்' அசையாமல் அப்படியே நிற்கிறது. ஆக 'லைக்ஸ்' முற்று. இந்த ஒரு சோதனையைத் தயக்கமில்லாமல் செய்யத் தெரிந்த பிள்ளைக்கு அடுத்து வருவதெல்லாம் வேகமாகப் பிடிபடும்.

அடுத்து வருவது கிளாஸ். வகுப்பறையைச் சொல்கிற கிளாஸ் இல்லை, வாக்கியத்துக்குள் வருகிற கிளாஸ். ஒரு எழுவாயும் அதற்குரிய முற்றும் சேர்ந்தால் கிளாஸ். அந்த ஜோடி இல்லாத சொற்கூட்டம் ஃபிரேஸ். "ஆஃப்டர் த ரெயின்" என்பது ஃபிரேஸ், "ஆஃப்டர் த ரெயின் ஸ்டாப்டு" என்பது கிளாஸ். நீளத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. பன்னிரண்டு சொல் நீளத்துக்கு ஒரு ஃபிரேஸ் இருக்கலாம், "ஹி ரேன்" என்று இரண்டே சொல்லில் ஒரு கிளாஸ் முடிந்துவிடலாம். கிளாஸிலும் இரண்டு வகை உண்டு. தனியாக நிற்க முடிந்தது இன்டிபென்டன்ட், இன்னொன்றின்மேல் சாய்ந்தே நிற்க முடிந்தது டிபென்டன்ட்.

தமிழ்க் காதுள்ள மாணவர் தடுமாறுகிற இடம் இதுதான், இதை விளக்கிச் சொல்பவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தமிழில் ஒரு நிகழ்ச்சியை இன்னொன்றுக்குக் கீழே வைக்க வேண்டுமென்றால் அதன் வினையையே மாற்றிவிடுகிறோம். 'மழை பெய்தது' என்பது 'மழை பெய்ததால்' என்றோ 'மழை பெய்தபோது' என்றோ 'மழை பெய்தும்' என்றோ ஆகிவிடுகிறது. வினையின் வால் பகுதியே இது முடியவில்லை என்று சொல்லிவிடும். இங்கிலீஷில் அப்படி நடப்பதில்லை. "இட் ரெயின்டு" என்பதற்கு முன்னால் 'பிகாஸ்' சேர்த்தால் "பிகாஸ் இட் ரெயின்டு", முற்று அப்படியே முழுசாக இருக்கிறது, எந்த மாற்றமும் இல்லை. முன்னால் வந்து உட்கார்ந்த அந்த ஒரு சொல்தான் முழு கிளாஸையும் சார்ந்து நிற்பதாக மாற்றுகிறது. எழுவாய் இருக்கிறது, முற்றும் இருக்கிறது, கண்ணுக்கு முழு வாக்கியம் மாதிரியே தெரிகிறது. அதனால்தான் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட "பிகாஸ் இட் ரெயின்டு" என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், ஓரத்தில் ஃப்ராக்மென்ட் (முடியாத துண்டு வாக்கியம்) என்று எழுதிவைத்தால் ஏன் என்று புரியாமல் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கிளாஸின் வாசலை. பிகாஸ், ஆல்தோ, வென், இஃப், சின்ஸ், அன்லெஸ், வைல் போன்ற சொல் வாசலில் இருந்தால் அந்த கிளாஸ் தனியாக நிற்காது, பக்கத்தில் ஒரு இன்டிபென்டன்ட் கிளாஸ் இருந்தே ஆக வேண்டும். சபார்டினேட்டிங் கன்ஜங்ஷன் என்ற நீளமான பெயர் இந்த வாசல் சொற்களுக்குத்தான்.

இதற்கு நேரெதிரான தவறு கமா ஸ்ப்ளைஸ். தனியாக நிற்கக்கூடிய இரண்டு கிளாஸ்களை வெறும் ஒரு கமாவால் ஒட்டுவது. அந்தக் கமாவும் இல்லாமல் ஒட்டினால் அதற்குப் பெயர் ரன்-ஆன். தமிழில் "அவன் வந்தான், நான் கிளம்பினேன்" என்று கமா போட்டு எழுதினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள், ஏனென்றால் நம் மொழியில் முற்றே வாக்கியத்தின் எல்லையைக் காட்டிவிடுகிறது. ஓலைச்சுவடிகளில் கமாவும் முற்றுப்புள்ளியும் இல்லாமலே நூற்றாண்டுக் கணக்கில் தமிழ் எழுதப்பட்டது, படிக்கவும் பட்டது. நாம் இன்று பயன்படுத்துகிற நிறுத்தக்குறிகள் ஐரோப்பிய அச்சோடு வந்தவை. இங்கிலீஷில் வினை வாக்கியத்தின் நடுவில் உட்காருவதால் எங்கே முடிகிறது என்று வினையை வைத்துச் சொல்ல முடியாது, எல்லையைக் காட்டுகிற வேலை முழுக்கக் குறிகளின் தலையில் விழுகிறது. அங்கே கமா வாசிப்பவர் மூச்சு விடுவதற்கான இடம் என்று சொல்லித் தருவதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். மூச்சு ஆளுக்கு ஆள் மாறும், கிளாஸின் எல்லை மாறாது.

ஒரு கமா ஸ்ப்ளைஸை எடுத்துக்கொள்வோம்: "த பஸ் வாஸ் லேட், வி மிஸ்டு த டெஸ்ட்." இதைச் சரி செய்ய நான்கு வழி. கமாவை எடுத்துவிட்டு முற்றுப்புள்ளி வைக்கலாம், செமிகோலன் வைக்கலாம், கமாவுக்குப் பின் 'ஸோ' சேர்க்கலாம், முதல் கிளாஸின் முன்னால் 'பிகாஸ்' போட்டு அதைச் சார்பு கிளாஸாக இறக்கலாம். நான்கையும் சரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடக் கூடாது, நான்கும் நான்கு விதமாகப் பேசுகின்றன. முற்றுப்புள்ளி இரண்டு தனித்தனிச் செய்தியாக்கி, சம்பந்தத்தை வாசகர் யோசனைக்கு விட்டுவிடுகிறது. செமிகோலன் இரண்டும் சேர்ந்தவை என்று மட்டும் சொல்கிறது, எப்படிச் சேர்ந்தவை என்று சொல்வதில்லை. 'ஸோ' விளைவைச் சொல்கிறது. 'பிகாஸ்' பஸ்ஸைப் பின்னுக்குத் தள்ளி, தேர்வு போனதை முன்னுக்குக் கொண்டுவருகிறது. மாணவருக்கு எது முக்கியமோ அதை அவர் தேர்ந்தெடுக்கலாம். கிராமர் வெறும் தப்பு-சரிக் கணக்கிலிருந்து எழுத்துக் கலையாக மாறுவது இந்த இடத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கமாவோடு சேர்ந்து இரண்டு முழு கிளாஸ்களை இணைக்க உரிமை உள்ள சொற்கள் ஏழுதான்: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. முதலெழுத்துகளைச் சேர்த்து ஃபேன்பாய்ஸ் என்று நினைவில் வைப்பார்கள், இவைதான் கோஆர்டினேட்டிங் கன்ஜங்ஷன்கள். 'ஹவ்எவர்' இந்த ஏழில் இல்லை. அது கன்ஜங்டிவ் அட்வெர்ப். இரண்டு முழு கிளாஸ்களுக்கு நடுவில் வந்தால் அதற்கு முன்னால் செமிகோலனோ முற்றுப்புள்ளியோ வேண்டும், பின்னால் கமா வேண்டும். மேல்நிலை வகுப்புக் கட்டுரைகளில் நான் பார்க்கிற கமா ஸ்ப்ளைஸ்களில் 'ஹவ்எவர்', 'தேர்ஃபோர்' இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

அப்படியானால் சீசர் சொன்னதாக வரும் "வந்தேன், கண்டேன், வென்றேன்" இங்கிலீஷில் என்ன ஆகும்? "ஐ கேம், ஐ ஸா, ஐ காங்கர்டு." மூன்று முழு கிளாஸ், நடுவில் வெறும் கமா, கணக்குப்படி கமா ஸ்ப்ளைஸ்தான். ஆனாலும் அதை யாரும் திருத்துவதில்லை. மூன்றும் குட்டி, மூன்றும் ஒரே அமைப்பு, மூன்றிலும் ஒரே எழுவாய், கன்ஜங்ஷனை வேண்டுமென்றே விட்டதால் வேகம் கூடுகிறது. இணைப்புச் சொல்லை இப்படி விட்டுவிடுவதற்கு அசிண்டெடன் என்று தனிப் பெயரே உண்டு. தெரிந்து மீறுவதும் தெரியாமல் விழுவதும் வேறு வேறு என்பதைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

செமிகோலன் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் என்பவரின் அச்சகத்தில் பிறந்த குறி. கமாவுக்கும் கோலனுக்கும் நடுவில் ஒரு அளவு தேவைப்பட்டது, வைத்தார்கள். மாணவர்கள் அதைக் கண்டு அநாவசியமாகப் பயப்படுகிறார்கள். இருபக்கமும் தனியாக நிற்கக்கூடிய கிளாஸ் இருந்தால் போடலாம், அவ்வளவே (பட்டியலுக்குள்ளே கமாக்கள் வரும்போது பிரித்துக் காட்டவும் அது உதவும்). கோலனுக்கு இடப்பக்கம் மட்டும் முழு கிளாஸ் இருந்தால் போதும்.

கமாவைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் ரிலேட்டிவ் கிளாஸ். 'படித்த மாணவர்கள் தேறினார்கள்' என்று தமிழில் எழுதினால் எல்லா மாணவர்களும் படித்தார்களா, படித்தவர்கள் மட்டும் தேறினார்களா என்று பெயரெச்சத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, சூழலை வைத்துத்தான் புரிந்துகொள்கிறோம். இங்கிலீஷ் இதை இரண்டு கமாவால் பிரித்துக் காட்டுகிறது. "த ஸ்டூடன்ட்ஸ் ஹூ ஸ்டடிட் பாஸ்டு" என்று கமா இல்லாமல் எழுதினால் படித்தவர்கள் மட்டும் தேறினார்கள், மற்றவர்கள் தேறவில்லை. 'ஹூ ஸ்டடிட்' என்பதற்கு இருபுறமும் கமா வைத்தால் எல்லோரும் படித்தார்கள், எல்லோரும் தேறினார்கள். முதலாவது ரெஸ்ட்ரிக்டிவ், இரண்டாவது நான்-ரெஸ்ட்ரிக்டிவ். பெயர் மறந்தால் பரவாயில்லை, ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: அந்தக் கிளாஸைத் தூக்கிவிட்டால் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது மாறுமா? மாறுமென்றால் கமா கூடாது. 'தட்', 'விச்' குழப்பமும் இதிலேயே தீரும். அமெரிக்க வழக்கில் கமா இல்லாத இடத்துக்கு 'தட்', கமாவோடு வருகிற இடத்துக்கு 'விச்' என்று கறாராகப் பார்ப்பார்கள். பிரிட்டிஷ் வழக்கில் கமா இல்லாத இடத்திலும் 'விச்' வரலாம், ஆனால் கமாவுக்குப் பின்னால் 'தட்' எங்கேயும் ஆகாது.

டாங்கிளிங் மாடிஃபயரைப் பற்றிச் சொல்லாமல் போனால் மனசு கேட்காது. "வாக்கிங் ஹோம், த ரெயின் ஸ்டார்ட்டடு." தமிழில் 'வீட்டுக்கு நடந்து போகும்போது மழை வந்துவிட்டது' என்பது அழகான, குற்றமில்லாத வாக்கியம். நடந்தது நான், வந்தது மழை, 'போகும்போது' என்ற அமைப்பு இரண்டு வேறு எழுவாயை அனுமதிக்கிறது. இங்கிலீஷில் 'வாக்கிங்' என்று தொடங்கும் பார்ட்டிசிப்பிள் ஃபிரேஸ் கமாவுக்கு அடுத்து வருகிற எழுவாயின் கழுத்தில் போய்த் தொங்கும். ஆக அங்கே நடந்து வீட்டுக்குப் போனது மழை. தமிழிலும் இந்தக் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை, 'செய்து' என்ற வாய்பாட்டில் வருகிற எச்சம் பொதுவாகத் தன் எழுவாயின் முற்றையேதான் கேட்கும். 'நான் வீட்டுக்கு நடந்து மழை வந்தது' என்று யாராவது சொன்னால் நமக்குக் காதில் உறுத்துகிறதில்லையா, இங்கிலீஷ்காரர் காதில் டாங்கிளிங் மாடிஃபயர் உறுத்துவதும் அப்படித்தான். வாக்கியத்தை 'ஐ.என்.ஜி' சொல்லில் தொடங்கினால் கமாவுக்கு அடுத்த சொல்லைப் பாருங்கள். அந்த வேலையைச் செய்தவர் அங்கே இருக்கிறாரா? இல்லையென்றால் 'வைல் ஐ வாஸ் வாக்கிங் ஹோம்' என்று முழு கிளாஸாக்கிவிடுங்கள், சிக்கல் தீர்ந்தது.

சப்ஜெக்ட்-வெர்ப் அக்ரிமென்ட் கொள்கையளவில் நமக்குப் புதிதில்லை, திணை, பால், எண், இடம் என்று நாம் பார்க்காததா. ஆனால் அஃறிணையில் 'புத்தகங்கள் இருக்கிறது' என்று பேச்சில் சாதாரணமாகச் சொல்கிறோம், அந்த அலட்சியம் இங்கிலீஷுக்குள்ளும் நுழைகிறது. இன்னொரு சிக்கல் தூரம். "த லிஸ்ட் ஆஃப் புக்ஸ்" என்று எழுதினால் பக்கத்தில் இருக்கிற 'புக்ஸ்' கண்ணை இழுத்து 'ஆர்' போட வைக்கும், உண்மையான எழுவாய் 'லிஸ்ட்', வர வேண்டியது 'இஸ்'. ஆன்டிசீடென்ட் என்பது ஒரு புரோநவுன் யாரைக் குறிக்கிறதோ அந்தப் பெயர். இதில் நான் அதிகம் வட்டமிடுவது வாக்கியத் தொடக்கத்தில் தனியாக நிற்கிற 'திஸ்'. "திஸ் ஷோஸ் தட்" என்று எழுதும்போது எது காட்டுகிறது? முந்தைய வாக்கியம் முழுவதுமா, அதில் ஒரு பகுதியா? 'திஸ்' பக்கத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துவிட்டால், 'திஸ் ஹெசிடேஷன்', 'திஸ் சாய்ஸ்' என்று எழுதிவிட்டால், வாசகர் மட்டுமில்லை, எழுதுகிற பிள்ளையே தான் என்ன சொல்ல வந்தோம் என்று தெளிவாகிறது. ஒருவரைக் குறிக்க 'தே' பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. 2019இல் வந்த ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) நடைக் கையேட்டின் ஏழாம் பதிப்பே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது.

பாசிவ் வாய்ஸ் விஷயத்தில் ஒரு பெரிய தப்பெண்ணம் இருக்கிறது: 'வாஸ்' இருந்தாலே பாசிவ் என்று. "ஷி வாஸ் ரன்னிங்" பாசிவ் இல்லை, அவள்தான் ஓடுகிறாள். 'பீ' வடிவம் ஒன்றும் ('இஸ்', 'வாஸ்' மாதிரி) பாஸ்ட் பார்ட்டிசிப்பிள் ஒன்றும் ('ரிட்டன்', 'டேக்கன்' மாதிரி) சேர்ந்து, செயலைச் செய்பவருக்குப் பதில் செயலுக்கு ஆளானது எழுவாய் இடத்தில் வந்தால்தான் பாசிவ். அதை அடியோடு தவிர்க்கச் சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. செய்தவர் யாரென்று தெரியாதபோது, தெரிந்தாலும் முக்கியமில்லாதபோது பாசிவ்தான் சரி. ஒரு தவறுக்குப் பொறுப்பானவரை மறைக்க அதைப் பயன்படுத்தும்போதுதான் வாசகராக விழித்துக்கொள்ள வேண்டும். அறிவியல் எழுத்தென்றால் பாசிவ்தான் என்பதும் சரியில்லை, டிஎன்ஏவின் அமைப்பைப் பற்றி வாட்சனும் கிரிக்கும் 1953இல் எழுதிய கட்டுரை 'நாங்கள்' என்ற சொல்லோடுதான் ஆரம்பிக்கிறது.

டென்ஸில் ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், மற்றதெல்லாம் பாடப்புத்தகத்தில் நன்றாகவே இருக்கிறது. இலக்கியத்தைப் பற்றி எழுதும்போது கதைக்குள் நடப்பதை நிகழ்காலத்தில் எழுதுவது இங்கிலீஷ் வழக்கம். ஹாம்லெட் தயங்குகிறான், தயங்கினான் இல்லை. எழுத்தாளரின் வாழ்க்கைச் செய்திகள் மட்டும் இறந்தகாலத்தில். இதற்கு லிட்டரரி பிரசென்ட் என்று பெயர். ஒரே பத்தியில் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதினால் கட்டுரை முழுக்கவே தள்ளாடும்.

பேரலலிசம் எனக்குப் பிடித்த சொல். ஒரே வரிசையில் வருபவை ஒரே இலக்கண வடிவத்தில் வர வேண்டும். "ஐ லைக் ரீடிங், ரைட்டிங் அண்ட் டு டிரா" என்றால் மூன்றாவது இடறுகிறது. லிங்கனின் 1863 கெட்டிஸ்பர்க் உரையில் மக்களுடைய, மக்களால், மக்களுக்காக என்று வருகிற அந்த மூன்று அடுக்கு இன்றைக்கும் மனசில் நிற்பதற்கு முக்கியக் காரணமே மூன்று ஃபிரேஸும் ஒரே அச்சில் இருப்பதுதான். அத்தோடு வரிசையின் கடைசி 'அண்ட்', 'ஆர்' முன்னால் வருகிற கமா, ஆக்ஸ்ஃபர்ட் கமா. வைக்கலாம், வைக்காமலும் விடலாம், ஒரு கட்டுரை முழுக்க ஒரே மாதிரி இருந்தால் சரி. ஆனால் அர்த்தம் குழம்புகிற இடத்தில் வைத்தே ஆக வேண்டும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துச் சட்டமொன்றில் ஓவர்டைம் கூலி கிடைக்காத வேலைகளின் பட்டியலில் அப்போது அந்தக் கமா இல்லாமல் இருந்தது. 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்பது ஒரு வேலையா இரண்டு வேலையா என்று பால் வண்டி ஓட்டுநர்கள் வழக்குப் போட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாசகம் தெளிவாக இல்லை என்று சொல்லி ஓட்டுநர்கள் பக்கம் நின்றது, அடுத்த வருடம் 50 லட்சம் டாலரில் சமரசம் முடிந்தது. கமாவெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்கிற மாணவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

விதி என்று பிள்ளைகள் தலையில் ஏற்றப்பட்ட, ஆனால் விதியே இல்லாத சிலவற்றையும் இங்கேயே இறக்கி வைத்துவிடலாம். வாக்கியத்தை 'அண்ட்', 'பட்' கொண்டு தொடங்கலாம். 'பிகாஸ்' கொண்டும் தொடங்கலாம், பின்னால் ஒரு முழு கிளாஸ் வந்தால் போதும். பிரிபொசிஷனில் ('இன்', 'ஆன்', 'வித்' போன்ற சொல்லில்) வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்பது 17ஆம் நூற்றாண்டில் டிரைடன் என்ற கவிஞர் எழுப்பிய ஆட்சேபம், அதைப் பின்னால் வந்தவர்கள் சட்டமாக்கிவிட்டார்கள். இங்கிலீஷ் பேசுபவர்கள் அதற்கு முன்னும் பின்னும் அப்படித்தான் முடித்தார்கள், முடிக்கிறார்கள். தேர்வு திருத்துபவருக்குப் பிடிக்காது என்று தெரிந்தால் அங்கே மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள், தப்பு என்று நம்ப வேண்டாம்.

இனி எழுத்துச் சொற்கள். இங்கேயும் பட்டியல் நீளம்தான், வேர் ஒன்றுதான்: தீசிஸ், அதாவது கட்டுரை நிறுவப் போகிற வாதத்தைச் சொல்லும் வாக்கியம். தலைப்பையும் தீசிஸையும் ஒன்றாக நினைப்பதில்தான் பெரும்பாலான கட்டுரைகள் முதல் பத்தியிலேயே உயிரை விடுகின்றன. 'பள்ளியில் செல்போன்' என்பது தலைப்பு. 'பள்ளியில் செல்போனால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு' என்பது யாரும் மறுக்க முடியாத வாக்கியம், அதனாலேயே அது தீசிஸ் இல்லை. 'கவனம் சிதறும் என்ற அச்சம் நியாயமானதே என்றாலும், போனை அடியோடு தடை செய்வதைவிட எப்போது எடுக்கலாம் என்று மாணவர்களே சேர்ந்து விதி வகுப்பது நீடித்த பலன் தரும், ஏனென்றால் தானே வகுத்த விதியை மீற ஒருவருக்கு மனம் வராது' என்பது தீசிஸ். நியாயமான ஒருவர் இதை மறுத்துப் பேச முடியும், நான் எழுதப் போகிற பத்திகள் எவை என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. இந்த இரண்டு சோதனையிலும் தேறாத தீசிஸை வைத்துக்கொண்டு அடுத்த பத்திக்குப் போகவே கூடாது.

அந்த வாக்கியத்தின் அமைப்பை மறுபடி பாருங்கள். எதிராளியின் வாதம் 'என்றாலும்' என்ற பகுதியில் இருக்கிறது. இங்கிலீஷில் எழுதினால் அது 'ஆல்தோ' கிளாஸ், அதாவது டிபென்டன்ட். என் வாதம் இன்டிபென்டன்ட் கிளாஸில். கவுன்டர்கிளெய்ம் (எதிர்வாதம்), ரிபட்டல் (அதற்கு மறுப்பு) என்று தனித்தனியாகப் படித்தவை இரண்டும் ஒரே வாக்கியத்துக்குள் யார் மேலே யார் கீழே என்று இலக்கணத்தாலேயே தீர்மானமாகிவிட்டன. இதை மாற்றி எழுதி, என் வாதத்தை 'ஆல்தோ'வுக்குப் பின்னாலும் எதிராளி வாதத்தை முக்கிய கிளாஸிலும் வைத்தால் அர்த்தம் அப்படியே திரும்பிவிடும். கிராமர் வேறு, கட்டுரை வேறு என்று பிரித்து வைத்துச் சொல்லித் தருவதில் எனக்குள்ள வருத்தமே இதனால்தான்.

டாபிக் சென்டன்ஸ் தீசிஸின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அந்தப் பத்தி எதை நிறுவப் போகிறது என்று சொல்வது. அதற்கும் 'நியாயமான ஒருவர் மறுக்க முடியுமா' என்ற சோதனை பொருந்தும். கதையில் அடுத்து என்ன நடந்தது என்று தொடங்குகிற பத்தி ஆய்வுப் பத்தி இல்லை, கதைச்சுருக்கம். எவிடென்ஸ் என்பது மேற்கோள், விவரம், எடுத்துக்காட்டு. கமென்டரி அல்லது ரீசனிங் என்பது அந்த எவிடென்ஸ் எப்படி என் வாதத்தைத் தாங்குகிறது என்ற விளக்கம். நான் பார்க்கிற கட்டுரைகளில் மிகவும் மெலிந்து கிடப்பது இந்த கமென்டரிதான். மேற்கோளை எடுத்துப் போட்டுவிட்டு, அது தானாகவே பேசும் என்று நம்பி அடுத்த மேற்கோளுக்குத் தாவிவிடுகிறார்கள். மேற்கோள் எதுவும் தானாகப் பேசாது. ஒவ்வொரு மேற்கோளுக்கும் கீழே 'அதனால் என்ன?' என்று பென்சிலால் எழுதிவைத்து, அதற்குக் குறைந்தது இரண்டு வாக்கியம் பதில் எழுதச் சொல்கிறேன், அந்தப் பதிலில் மேற்கோளின் ஏதாவது ஒரு சொல்லைத் தொட்டாக வேண்டும் என்றும் சொல்கிறேன். மேற்கோளைத் தனி வாக்கியமாக அந்தரத்தில் விடாமல் தன் வாக்கியத்துக்குள் இழைப்பது எம்பெடிங். அதற்கும் கிளாஸ் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மேற்கோளின் முற்றும் உங்கள் முற்றும் மோதிக்கொள்ளும்.

பாராஃபிரேஸ் பற்றி ஒரு வார்த்தை. சொற்களை மாற்றிவிட்டால் மூலத்தைச் சொல்ல வேண்டாம் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். கருத்து இன்னொருவருடையது என்றால் சொற்கள் உங்களுடையதாக இருந்தாலும் மூலத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் அது பிளேஜியரிசம், அதாவது கருத்துத் திருட்டு.

டிரான்சிஷன் என்றவுடன் 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்', 'இன் கன்க்ளூஷன்' என்று ஒவ்வொரு பத்தித் தலையிலும் ஒன்றை ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. ஒட்டினால் ஒட்டாது. முந்தைய வாக்கியம் முடிந்த இடத்தில் உள்ள விஷயத்தை அடுத்த வாக்கியத்தின் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டு, புதிய செய்தியைக் கடைசியில் வைத்துப் பாருங்கள், இணைப்புச் சொல்லே இல்லாமல் பத்தி ஓடும். நம் அந்தாதி செய்கிற வேலையும் இதுதானே.

டிக்ஷன், சின்டாக்ஸ், டோன் மூன்றும் ஆசிரியரின் நடையை ஆராயச் சொல்லும் கேள்விகளில் வரும். டிக்ஷன் சொல் தேர்வு, சின்டாக்ஸ் வாக்கிய அமைப்பு, டோன் எழுதுகிறவரின் மனப்பான்மை. வாசகருக்குள் எழுகிற உணர்வு மூட், டோனோடு அதைக் குழப்ப வேண்டாம். 'ஆசிரியர் சிறப்பான சின்டாக்ஸைப் பயன்படுத்துகிறார்' என்று எழுதினால் எதுவும் சொல்லவில்லை. 'மூன்று குட்டி இன்டிபென்டன்ட் கிளாஸ்களுக்குப் பிறகு, சார்பு கிளாஸ்கள் அடுக்கிய ஒரு நீண்ட வாக்கியம் வருகிறது, அவன் யோசிக்கத் தொடங்கிய இடம் அது' என்று எழுதினால் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறீர்கள். அரிஸ்டாட்டில் வகுத்த ஈதோஸ், பேதோஸ், லோகோஸ் மூன்றுக்கும் இதே கதைதான், பெயரைச் சொல்லி நிறுத்தினால் மதிப்பில்லை, பேச்சாளர் தன் நம்பகத்தன்மையை எந்தச் சொல்லால் கட்டினார், கேட்பவர் உணர்வை எந்த இடத்தில் தொட்டார், தர்க்கம் எங்கே என்று காட்ட வேண்டும்.

இதையெல்லாம் எப்படிப் பழகுவது என்று கேட்டால், பயிற்சிப் புத்தகத்து வாக்கியங்களை விட்டுவிட்டு உங்கள் பழைய கட்டுரை ஒன்றை எடுங்கள் என்பேன். ஒவ்வொரு ஃபைனைட் வெர்ப்பின் கீழும் கோடு போடுங்கள், அதன் எழுவாயை வட்டமிடுங்கள், கிளாஸின் வாசலில் நிற்கிற இணைப்புச் சொல்லைப் பெட்டிக்குள் அடையுங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒரு பெட்டியோ செமிகோலனோ முற்றுப்புள்ளியோ இல்லையென்றால் அங்கே ஒரு ஸ்ப்ளைஸ் இருக்கலாம். ஒரு வாக்கியத்தில் கோடே இல்லையென்றாலும், இருக்கிற ஒரே கோட்டுக்கு முன்னால் பெட்டி இருந்தாலும் ஃப்ராக்மென்ட்டாக இருக்கலாம். முதல் பக்கம் மெதுவாகத்தான் போகும். அப்புறம் கண் தானாகப் பார்க்கத் தொடங்கும்.

வரிசையும் முக்கியம். ரிவைசிங், எடிட்டிங், ப்ரூஃப்ரீடிங் மூன்றையும் ஒன்றென்று நினைத்து, நேராக எழுத்துப்பிழை தேடுவதில் இறங்கிவிடுகிறார்கள். ரிவைசிங் என்றால் தீசிஸ் நிற்கிறதா, பத்திகள் சரியான வரிசையில் இருக்கின்றனவா, எது போக வேண்டும், எது சேர வேண்டும் என்று பார்ப்பது. எடிட்டிங் என்றால் கிளாஸ், பேரலலிசம், மாடிஃபயர், சொல் தேர்வு என்று வாக்கியத்துக்குள் இறங்குவது. ப்ரூஃப்ரீடிங் கடைசி. நேரம் குறைவாக இருந்தால் முதலாவதற்கு அதிகமாக ஒதுக்குங்கள், ஏனென்றால் ரிவைசிங்கில் தூக்கியெறியப்போகிற பத்திக்கு நீங்கள் வைத்த கமா சரியா தப்பா என்று யாரும் பார்க்கப்போவதில்லை.